சின்னச் சொடக்கா, பெரிய சொடக்கா: கொல்லையில் எதை விட்டுவைப்பது?

ஆடி மழை விழுந்து பத்துப் பன்னிரண்டு நாளில் ராகிக் கொல்லை, வரப்போரம், எருக்குழி ஓரம் என்று எங்கு பார்த்தாலும் தானாக முளைத்து நிற்கும் சொடக்குத் தக்காளி. பழத்தை மூடியிருக்கும் பையை விரலில் பிடித்து நெற்றியில் ஒரு தட்டு தட்டினால் 'டப்' என்று வெடிக்குமே, அதே செடிதான். மலையாளத்தில் இதற்கு ஞொட்டாஞொடியன் என்று பெயர். களைக்கொத்தோடு கொல்லையில் இறங்கும்போது பலருக்கும் கை தயங்கும். பழம் தரும் செடியாயிற்றே, பிடுங்குவதா விடுவதா?

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் முன் ஒன்று தெரிய வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் சொடக்குத் தக்காளி என்று சொல்வது ஒரு செடியை அல்ல, இரண்டை. ஒன்று தரையோடு படரும், மேலெல்லாம் சன்னமான ரோமம் இருக்கும். தாவரவியலில் பிசாலிஸ் மினிமா. மற்றது நிமிர்ந்து இடுப்பளவு வரை போகும், வழவழப்பான தண்டு. அது பிசாலிஸ் அங்குலாட்டா, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து உலகத்து வெப்ப நாடுகளில் எல்லாம் பரவிவிட்டது. இரண்டு பெயரையும் 1753-இல் வைத்தவர் லின்னேயஸ். இரண்டும் ஒரே இனம்தான் என்று சேர்த்து எழுதும் தாவரவியலாளர்களும் உண்டு, அந்த அளவுக்கு நெருங்கிய உறவு. இங்கே சுலபத்துக்காகப் படர்வதைச் சின்னச் சொடக்கு என்றும் நிமிர்வதைப் பெரிய சொடக்கு என்றும் சொல்லலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பழத்துக்காக ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் பெரிய சொடக்கை வையுங்கள், ஐந்தாறு செடி போதும். தண்ணீர் பாயாத மானாவாரி வரப்பில், போகிற போக்கில் பிள்ளைகள் பறித்துத் தின்ன என்றால் சின்னச் சொடக்கு இருந்துவிட்டுப் போகட்டும். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை இவற்றில் ஒன்று பக்கத்தில் இருந்தால் இரண்டையும் பூக்கும் முன்பே பிடுங்கிவிடுங்கள். பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் தக்காளி போடுகிறவர்களுக்கு இந்தக் கடைசி வரிதான் முக்கியம்.

அடையாளம்: தண்டை உருட்டிப் பாருங்கள்

உயரத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. எருக்குழி ஓரத்தில் முளைத்த சின்னச் சொடக்கு முழங்காலைத் தாண்டும். காய்ந்த செம்மண்ணில் பெரிய சொடக்கு ஒரு சாணோடு நின்று பூத்துவிடும். நான்கு இடத்தைப் பார்த்து, குறைந்தது மூன்று ஒத்துப்போனால் பெயர் சொல்லலாம்.

முதலில் தண்டு. பெரிய சொடக்கின் இளந்தண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினால் சீராக உருளாது, விளிம்பு விரலில் தட்டும். தண்டு பட்டை பட்டையாக இருப்பதால்தான் அதற்கு 'கோணமுள்ளது' என்று பொருள்படும் பெயரே வந்தது. உடைத்தால் உள்ளே குழலாக இருக்கும். ரோமம் கிடையாது, இருந்தாலும் நுனிக் கொழுந்தில் கொஞ்சம். சின்னச் சொடக்கின் தண்டை வெயிலுக்கு எதிராகப் பிடித்தால் ஓரமெல்லாம் வெள்ளி மாதிரி சன்னமான மயிர் தெரியும்.

அடுத்தது பூ. இரண்டிலும் கிளை பிரியும் கவட்டில் ஒரே ஒரு பூ, தலைகீழாகத் தொங்கும். வெளிர்மஞ்சள் நிறம். காலை வெயில் ஏறிய பிறகு பூவை மெல்ல நிமிர்த்தி, போன் கேமராவைப் பெரிதாக்கி உள்ளே பாருங்கள். மகரந்தப் பை ஐந்தும் நீலச்சாயலோ ஊதாச்சாயலோ காட்டினால் பெரிய சொடக்கு. மஞ்சளாக இருந்தால் பெரும்பாலும் சின்னது. 'பெரும்பாலும்' என்பதைக் கவனியுங்கள், பெரிய சொடக்கிலும் சில நேரம் மஞ்சள் வரும். புதிதாக விரிந்த பூவில்தான் இந்த நிறம் சரியாகத் தெரியும், மகரந்தம் கொட்டிய பிறகு பார்த்தால் ஏமாறுவோம்.

மூன்றாவது காம்பு. பழம் தொங்கும் காம்பு சின்னச் சொடக்கில் ஒரு சென்டிமீட்டருக்குள் முடிந்துவிடும், பை தண்டோடு ஒட்டினாற்போல் இருக்கும். பெரியதில் காம்பு நீண்டு, பை தனியாக ஊசலாடும்.

கடைசியாகப் பையும் பழமும். பெரிய சொடக்கின் பை இரண்டு சென்டிமீட்டருக்குக் கூடுதலாக, பலதில் ஊதா நரம்பு ஓடிக் கிடக்கும், உள்ளே பழம் 10 முதல் 12 மில்லிமீட்டர். சின்னதின் பை ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர், பழம் சுமார் 6 மில்லிமீட்டர். பை பெரிதாகிவிட்டது என்று பறித்துவிடாதீர்கள். பூ உதிர்ந்ததும் முதலில் ஊதிப் பெரிதாவது பைதான், பழம் அதற்குப் பின்னால் நிதானமாக வளரும். பச்சைப் பையைக் கிழித்தால் குண்டூசித் தலை அளவு காய் இருப்பது இதனால்தான்.

குழப்பும் வேறு செடிகள் சில உண்டு. அமுக்கராவிலும் பழத்தை ஒரு பை மூடியிருக்கும், ஆனால் அது சாம்பல் பூத்த புதர், பழம் சிவப்பு, கணுவில் கொத்தாக இருக்கும். அதைத் தின்னக் கூடாது. மணத்தக்காளிக்குப் பையே கிடையாது. முடக்கத்தான் கொடி, பைக்குள் சதை இருக்காது, கறுப்பு விதைதான். கடையில் சின்னப் பெட்டியில் அடுக்கி விற்கும் ஆரஞ்சு நிறப் பழம் இதன் பெரிய உறவு, பிசாலிஸ் பெருவியானா. வெல்வெட் மாதிரி இலை, பூவுக்குள் கரும்புள்ளி, குளிர்ந்த இடம் அதற்கு வேண்டும். இங்கே தானாக முளைப்பது அதுவல்ல.

பழக் கணக்கு

6 மில்லிமீட்டருக்கும் 12 மில்லிமீட்டருக்கும் வித்தியாசம் இரண்டு மடங்கு என்று தோன்றும். குறுக்களவு இரண்டு மடங்கானால் உருண்டையின் கனஅளவு எட்டு மடங்கு. பழம் பெரும்பாலும் தண்ணீர் என்பதால் எடையும் அப்படியே. நன்றாகப் பழுத்த பெரிய சொடக்குப் பழம் ஒன்று கிட்டத்தட்ட 0.9 கிராம், சின்னது 0.11 கிராம். நூறு கிராம் சேர்க்கப் பெரியதில் 110 பழம் உரிக்க வேண்டும், சின்னதில் 900. பையைப் பிய்த்து, பழத்தின் மேல் ஒட்டும் பிசினைத் துடைக்க ஒன்றுக்கு ஐந்து விநாடி வைத்தாலும் சின்னதில் நூறு கிராமுக்கு ஒன்றேகால் மணி நேரம். பெரியதில் பத்து நிமிடத்தில் முடியும். ஜாம், தொக்கு என்று சமையலறைக்குக் கொண்டுபோக நினைத்தால் சின்னச் சொடக்கு கட்டிவராது. அது நின்ற இடத்தில் உரித்து வாயில் போட்டுக்கொள்ளும் பழம்.

ருசியில் எது மேல் என்று அடித்துச் சொல்ல முடியாது. இரண்டிலும் இனிப்பும் லேசான புளிப்பும் உண்டு, செடிக்குச் செடி மாறும். கசப்பு இருந்தால் காரணம் இரண்டில் ஒன்று: பழம் முழுதாகப் பழுக்கவில்லை, அல்லது பிசினைக் கழுவவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு இரண்டு முறை கையால் அலசினால் பிசின் போய்விடும்.

நிலமும் நீரும்

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் ஆண்டு மழை 800 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும். தென்மேற்குப் பருவத்திலும் கொஞ்சம், வடகிழக்கிலும் கொஞ்சம் என்று பிரிந்து விழுவதால் சொடக்குக்கு வருடத்தில் இரண்டு முளைப்பு. சின்னச் சொடக்கு அரூர், பென்னாகரம் பக்கத்துச் சரளை கலந்த மானாவாரிச் செம்மண்ணிலும் ஒரு மழைக்கு முளைத்து அடுத்த மழைக்குள் பழம் காட்டிவிடும். பெரிய சொடக்குக்கு வாய்க்கால் ஓரமும் மோட்டார் தண்ணீர் கசியும் இடமும் பிடிக்கும். ஈரம் அற்றுப்போனால் சாகாது, ஆனால் இலை சிறுத்து, பூ உதிர்ந்து, பை வெறுமையாகிவிடும்.

களை என்ற கணக்கில் பார்த்தால் பெரியதுதான் மோசம். நிலக்கடலையில் அது செடிக்கு மேலே எழும்பி நிழல் கட்டும். கடலையில் 20, 25-ஆம் நாள் ஒரு களை, 40, 45-ஆம் நாள் ஒரு களை எடுப்பது வழக்கம். இரண்டாம் களையில் தப்பித்ததை அதற்குப் பிறகு கொத்திப் பிடுங்கக் கூடாது, பூவிலிருந்து நீளும் கடலை ஊசி காய் பிடிக்க மண்ணுக்குள் இறங்கும் நேரம் அது. மழை பெய்த மறுநாள் மண் நெகிழ்ந்திருக்கும்போது கையாலேயே இழுத்துவிடலாம். பிடுங்கியதை வரப்பில் வீசுவதும் தவறு. முற்றும் நிலையில் இருக்கும் காய், பிடுங்கிய செடியிலும் பைக்குள்ளேயே பழுத்து விதையாகிவிடும். ஒரு பழத்தில் நூற்றுக்கும் மேல் விதை இருக்கும். பை கட்டிய செடியை எருக்குழியில் போட்டால் அடுத்த வருடம் எருவோடு கொல்லை முழுக்கப் போய்ச் சேரும். வெயிலில் சுருளக் காயவைத்து எரிப்பதுதான் சரி.

தக்காளிக்காரர்கள் கவனத்துக்கு

சொடக்கும் தக்காளியும் ஒரே குடும்பம். தக்காளிக்கு வரும் நோய் பலதும் இதற்கும் வரும். தக்காளி இல்லாத மாதங்களில் அந்த நோய்க்குத் தங்குமிடமாக இருப்பதுதான் இதன் ஆபத்து. இலைச்சுருட்டு வைரஸைத் தூக்கிச் செல்லும் வெள்ளை ஈ, சொடக்கு இலையின் அடியில் குடியிருக்கும். தக்காளி நட்டதும் அங்கிருந்து வரும். வயலைச் சுற்றி வலை கட்டி, மஞ்சள் ஒட்டுப்பொறி மாட்டி, வரப்பில் சொடக்கை விட்டுவைத்தால் செலவு வீண்.

வாடல் நோயும் வேர்முடிச்சு நூற்புழுவும் இன்னும் பிடிவாதமானவை, மண்ணில் இருப்பவை. உங்கள் நிலத்தில் அவை இருக்கிறதா என்பதைச் சொடக்குச் செடியே காட்டிக்கொடுக்கும். ஒரு செடியை வேர் அறாமல் தோண்டி மண்ணை அலசிப் பாருங்கள். வேரில் மிளகு மிளகாக முடிச்சு திரண்டிருந்தால் நூற்புழு. வெயிலில் திடீரென்று பச்சையாகவே தலை தொங்கிய செடியாக இருந்தால், அடித்தண்டை இரண்டு அங்குலத் துண்டாக வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் வெட்டுவாய் மூழ்கும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டிய இடத்திலிருந்து பால் நூல் மாதிரி இறங்கினால் பாக்டீரியா வாடல். அந்த இடத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய், சொடக்கு எதுவும் வேண்டாம். ராகிக்கோ சோளத்துக்கோ மாற்றுங்கள். முடிச்சு மட்டும் இருந்தால் ஒரு பட்டம் செண்டுமல்லி போடுவது நூற்புழுவைக் குறைக்கும், இந்தப் பக்கம் பூவுக்கும் விலை உண்டு.

இந்த விஷயத்தில் சின்னது, பெரியது என்று பாகுபாடு இல்லை. படர்ந்து புல்லுக்குள் மறைவதால் சின்னது கண்ணில் படாமல் தப்பும், அவ்வளவுதான்.

தின்பதில் கவனம்

தின்னத் தக்கது நன்றாகப் பழுத்த பழம் மட்டும். பை வைக்கோல் நிறமாகிக் காகிதம் மாதிரி சலசலக்க வேண்டும், பழம் மஞ்சளாக வேண்டும், தொட்டதும் காம்போடு கழன்று வர வேண்டும், அல்லது தானே தரையில் விழுந்து கிடக்க வேண்டும். பச்சைக்காய், பை, இலை, தண்டு எதையும் வாயில் வைக்கக் கூடாது. வாந்தி, வயிற்றுவலி, பேதி வரும். முதல் முறை தின்கிறவர்கள் நான்கைந்து பழத்தோடு நிறுத்தி ஒரு நாள் பார்க்கலாம். தக்காளித் தோட்டத்து ஓரம், மருந்தடித்த மாந்தோப்பு, நெடுஞ்சாலை ஓரம் இங்கே பறித்ததைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். பை மூடியிருப்பதால் மருந்து உள்ளே போகாது என்ற நினைப்பு தவறு, பை காய்ந்ததும் அதில் சல்லடையாக ஓட்டை விழும்.

சொடக்குத் தக்காளி புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று செல்போனில் சுற்றும் செய்திகளை நம்பி, யாரும் இலையைக் கொதிக்கவைத்துக் குடிக்க வேண்டாம். பிசாலின் என்ற கசப்புப் பொருளை ஆய்வகத்தில் செல்கள் மேல் சோதித்திருக்கிறார்கள் என்பது உண்மை. தட்டில் வளர்த்த செல்லைக் கொல்வதும் மனிதனின் நோயைத் தீர்ப்பதும் வேறு வேறு. சிகிச்சையில் இருக்கும் ஒருவர் மருந்தை நிறுத்திவிட்டுக் கசாயத்துக்குப் போனால் இழக்கும் மாதங்கள் திரும்ப வராது. கர்ப்பிணிகள் இலைக் கசாயத்தைத் தொடவே கூடாது.

பெரிய சொடக்கை வளர்க்கும் முறை

விதை கடையில் தேட வேண்டியதில்லை. பெரிய பழமாக, ருசியாகக் காய்த்த ஒரு செடியின் கீழே விழுந்த பத்துப் பழம் போதும். தண்ணீரில் பிசைந்து ஒரு நாள் வைத்து, மறுநாள் அலசினால் பொக்கு மிதக்கும், நல்ல விதை அடியில் தங்கும். நிழலில் மூன்று நான்கு நாள் உலர்த்துங்கள். தார்ச்சீட்டில் வெயிலில் காயவைத்தால் வெந்துவிடும்.

குழித்தட்டில் தென்னைநார்க் கழிவு நிரப்பி, குழிக்கு இரண்டு மூன்று விதை தூவி, மேலே இரண்டு மில்லிமீட்டர் மட்டும் மூடுங்கள். முளைக்கவில்லை என்று சொல்பவர்களில் பாதிப் பேர் ஆழமாகப் புதைத்தவர்கள். மீதிப் பேர் குளிரில் விதைத்தவர்கள். 25 முதல் 30 டிகிரி வெப்பத்தில் ஒன்று இரண்டு வாரத்தில் முளைக்கும். சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூர், தளி பக்கம் மார்கழியில் விதைத்தால் முளை இழுத்துக்கொண்டே போகும், மாசிக் கடைசியிலோ ஆடிக்கு முன்போ போடலாம். தர்மபுரிப் பக்கத்தில் அவ்வளவு கட்டுப்பாடு இல்லை. நாற்று தரைமட்டத்தில் கறுத்து ஒடிந்து விழுந்தால் தண்ணீர் அதிகம்.

25, 30 நாளில் நான்கைந்து இலை வந்ததும் நடலாம். செடிக்குச் செடி இரண்டு அடி, வரிசைக்கு வரிசை இரண்டரை அடி. குழிக்கு நன்றாக மக்கிய எரு இரண்டு கை. யூரியா வேண்டாம், இலைதான் பெருகும். நடும்போதே மூன்றடிக் குச்சி ஊன்றிவிடுங்கள். தண்டு குழலாக இருப்பதால் காற்றோடு மழை அடித்தால் முதல் கவட்டிலேயே பிளந்துகொள்ளும். ஒவ்வொரு கவட்டிலும் ஒரு பூ என்பதால் கிளையைக் கிள்ளினால் பழம்தான் குறையும். செம்மண்ணில் நான்கு நாளுக்கு ஒரு தண்ணீர், மண்ணைக் கிளறி ஈரம் பார்த்து. நன்றாகக் காயவிட்டுத் திடீரென்று பாய்ச்சினால் பழம் பைக்குள்ளேயே வெடிக்கும்.

பையில் ஊசித்துளை மாதிரி ஓட்டை தெரிந்தால் உள்ளே புழு பழத்தைத் தின்றுகொண்டிருக்கிறது, பறித்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். இலை சல்லடையாகி நரம்பு மட்டும் மிஞ்சினால் புள்ளி வண்டு. இலை அடியில் மஞ்சள் முட்டைக் குவியலையும் முள்முள்ளாக இருக்கும் மஞ்சள் புழுவையும் கையாலேயே நசுக்கலாம். மிஞ்சிப்போனால் 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, வடிகட்டி, துளி சோப்புக் கரைசல் கலந்து மாலையில் அடியுங்கள்.

நட்டு இரண்டு மாதத்துக்கு மேல் பழம் விழ ஆரம்பிக்கும். செடியடியில் காய்ந்த ராகித்தாள் பரப்பி, அதன் மேல் பழைய கொசுவலை விரித்துவிட்டால் பொறுக்குவது சுலபம், பையும் மண் ஈரத்தில் பூசணம் பிடிக்காது. தினம் ஒரு தடவை பொறுக்க வேண்டும், எறும்பு முந்திக்கொள்ளும். மழையில் நனைந்த பையை அன்றே உரித்துவிடுங்கள். உலர்ந்த பையோடு மூங்கில் கூடையில் காற்றோட்டமாக வைத்தால் இரண்டு வாரம் தாங்கும். பிளாஸ்டிக் கவரில் கட்டினால் இரண்டே நாளில் வேர்த்துக் கெடும்.

ஜாமுக்கு, அலசிய பழம் அரைக் கிலோ, சர்க்கரை 300 கிராம், ஒரு எலுமிச்சைச் சாறு. பழத்தைக் கரண்டியால் நசுக்கி, பத்து நிமிடம் தானே விட்ட நீரில் வேகவிட்டுப் பிறகு சர்க்கரை போடுங்கள். முன்பே போட்டால் தோல் இறுகி ரப்பர் மாதிரி ஆகிவிடும். இன்னும் பதினைந்து நிமிடத்தில் பதம் வரும். ஒரு சொட்டைக் குளிர்ந்த தட்டில் விட்டுச் சாய்த்தால் ஓடாமல் நகர வேண்டும்.